கஸ்பாரின் சிங்கக்கால் தொட்டி

ராயபுரம் கஸ்பார் வாங்கிய குளியல் தொட்டி மாதிரி ஒரு தொட்டி இந்த உலகத்தில் அதற்கு முன்னும் செய்யப்படவில்லை, பின்னும் செய்யப்போவதில்லை. வங்காள விரிகுடாவை மொண்டு மொண்டு ஊற்றினாலும் அதில் பாதிகூட நிரம்பாது. அது தெருவுக்குள் நுழைந்த அன்று துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் வெட்கப்பட்டு ஒரு முழம் தாழ்ந்து நின்றன. நோவா காலத்தில் இந்தத் தொட்டி கிடைத்திருந்தால் பேழைக்கு மரம் வெட்டும் வேலையே இருந்திருக்காது. இதில் கால்வாசியாவது உண்மையா என்று சந்தேகப்படுகிறவர்கள், அதைத் தூக்கி உள்ளே வைத்த எட்டுப் பேரின் தோள்பட்டையைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை மட்டும் போதும் என்பவர்களுக்கு: அது ஒரு பழைய கப்பலிலிருந்து கழற்றி எடுத்த தொட்டி. ஐந்தரை அடி நீளம். வெளியே வார்ப்பிரும்பு, உள்ளே வழவழவென்று வெள்ளைப் பூச்சு. அடியில் நான்கு சிங்கக்கால். ஒரு சிங்கத்துக்கு மட்டும் இரண்டு நகம் கிடையாது.

கஸ்பார் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து நிலக்கரியைத் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. முப்பத்திநாலு வருஷம் கரியைத் தூக்கினால் கரியும் ஆளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். மூக்கு, காது, நகக்கண், கண்ணோரம் எல்லாம் கறுப்பாகத்தான் தினம் வீட்டுக்கு வருவார். வீட்டுக்குப் பின்னால் நான்கு பக்கமும் ஓலைத் தட்டி, நடுவில் ஒரு கருங்கல், பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர். அதுதான் குளிக்கிற இடம். கருங்கல்லில் குந்திக்கொண்டு பத்துச் சொம்பு ஊற்றினால் கஸ்பார் மனுஷ நிறத்துக்கு வருவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், ஏதோ சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கப்பலின் மேல்தட்டுக்குப் போனார். வழி தெரியாமல் ஒரு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி தொட்டியில் படுத்துக்கொண்டு சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். நுரைக்கு வெளியே தெரிந்தவை இரண்டு முட்டிகள் மட்டும்தான், இறால் நிறத்தில். அந்த ஆள் கஸ்பாரைத் திட்டக்கூட இல்லை. பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு புகையை விட்டார். கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்த கஸ்பாரின் மனசுக்குள் அந்த இரண்டு முட்டிகளும் முப்பது வருஷமாக மிதந்துகொண்டே இருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவர் ரிடையர் ஆனார். கையில் வந்ததை வைத்துத் தட்டியைப் பிரித்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்து ஒழுங்கான பாத்ரூம் கட்டுவது என்று முடிவானது. முடிவுக்குக் காரணம் கஸ்பாரின் ஆசை இல்லை. அடைக்கலமேரியின் கை.

அடைக்கலமேரி கஸ்பாரின் மனைவி. அதற்கு முந்தைய வருஷம் தெருக்குழாயடியில் பாசியில் வழுக்கி, இடுப்பில் குடத்தோடு விழுந்து, வலது தோள் பிசகிவிட்டது. புத்தூர்க் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது வலி போயிருந்தது, ஆனால் கை தோளுக்கு மேல் எழவில்லை. சோறு ஆக்கலாம், துணி துவைக்கலாம், கோயிலில் சிலுவை போடலாம். தலைக்குக் குளிக்க மட்டும் முடியாது. இடது கையால் சொம்பை ஊற்றினால் தேய்ப்பதற்குக் கை இல்லை. தேய்த்தால் ஊற்றுவதற்குக் கை இல்லை. அதனால் சனிக்கிழமை சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்து ஊற்றுவாள்.

செல்லம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். மனசு தங்கம், வாய் ஒலிபெருக்கி. சனிக்கிழமை குளிப்பாட்டினால் ஞாயிற்றுக்கிழமை மீன்கூடையோடு சேர்த்து, "மேரியக்காவுக்கு முதுவுல ஒரு மச்சம் கீது பாரு, மொச்சக்கொட்ட அளவு" என்று தெருமுழுக்கச் சேதியும் விற்றுவிடுவாள். அடைக்கலமேரிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஐம்பது வயசில், தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ள முடியாமல் இன்னொருத்தி முன்னால் குந்தியிருப்பது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தனியாக ஒரு தலைமுழுக்கு.

"ஷவர் போடு, ஃப்ளோரன்ஸ் நைனா" என்றாள் புருஷனிடம். மகள் ஃப்ளோரன்ஸின் புருஷனுக்கு எண்ணூர் பவர் ஹவுஸில் வேலை. அங்கே குவார்ட்டர்ஸில் ஷவர் இருந்தது. ஒருமுறை போனபோது அதன் கீழே நின்று பார்த்திருந்தாள். "மேலேர்ந்து தண்ணி தானா வுழுது. ஒரு கை போதும், தேச்சிக்கினு வந்துட்லாம்."

"இங்க கொழாத் தண்ணி முட்டிக்கு மேல ஏறாதும்மே" என்றார் கஸ்பார். அது பொய் இல்லை. ராயபுரத்தில் பாதி வீடுகளில் தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் குழாயை இறக்கித்தான் தண்ணீர் பிடிப்பார்கள். "அது எங்க ஆறடி ஏறி உன் தலைல வுழறது?"

பாத்ரூம் வேலைக்கு வந்திருந்த பிளம்பர் கிருஷ்ணப்பன் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்தபடி குறுக்கே வந்தான். "அதுக்கு இன்னா அண்ணாத்தே? சொவுத்து மேல ஒரு டிரம் குந்த வச்சிடு. ஏணி போட்டு நாலு கொடம் ஊத்து. கீழ ஒரு பைப்பு, ஒரு பூவாளி. முடிஞ்சுது கத. அக்கா ஜோரா குளிக்கும்."

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது. ஆனால் கஸ்பார் அன்றைக்கு முந்தின நாள்தான் கப்பல் சாமான் விற்கும் ரஷீது பாயின் கொட்டடியில் அந்தச் சிங்கக்காலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஷவர்ல நீ நின்னுக்கினே இருக்கணும். தொட்டின்னா படுத்துக்கலாம்" என்றார். "சொம்பு இல்ல, ஊத்தறது இல்ல, கையத் தூக்கற வேலயே இல்ல. தண்ணி உன்னச் சுத்தி நிக்கும். தோளுக்கும் எதமா இருக்கும். உனக்காகத்தாம்மே சொல்றேன்."

உனக்காக என்று சொன்னபோது அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் பின்னால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. ஏமாற்றியிருந்தால் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி, ஒரு பாவசங்கீர்த்தனத்தோடு தீர்ந்திருக்கும்.

தொட்டி கைவண்டியில் வந்தது. வாசலில் நுழையவில்லை. புதிதாகக் கட்டிய சுவரில் பாதியை இடித்து உள்ளே விட்டு, மறுபடி கட்டினார்கள். மறுநாள் விடிந்ததிலிருந்து கஸ்பார் குடத்தைத் தூக்க ஆரம்பித்தார். அடிபம்பிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து அடிபம்புக்கு. நாற்பது குடம். தெருவே எண்ணியது.

"இன்னா கஸ்பாரண்ணே, கப்பல் வுடப் போறியா?" என்று செல்லம்மா கத்தினாள். "எங்க வூட்டுக்காரரு கட்டுமரத்தக் கொண்டாரச் சொல்லவா?"

"நீ மூடிக்கினு மீன வித்துக்கினு போ, தங்கச்சி."

நிரம்பியதும் அடைக்கலமேரியைக் கூப்பிட்டார். அவள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல படுக்கறதா?"

"ஆமா. ராணி மாரி."

"படுக்க வச்சிக் குளிப்பாட்றது பொணத்தத்தான்" என்றாள் அவள். "எங்கம்மாவ அப்டித்தான் பெஞ்சில போட்டுக் குளிப்பாட்டுனோம். அப்புறம், நான் கழுவுன அழுக்கு எங்க போவும்? என்னச் சுத்தியேதான நிக்கும்? அதுலயே ஊறிக்கினு கெடக்கறதா? கலீஜு."

சனிக்கிழமை வழக்கம்போலச் செல்லம்மா வந்தாள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சியிருந்த ஒரு முழ இடத்தில் அடைக்கலமேரி ஒண்டி உட்கார, செல்லம்மா தொட்டியிலிருந்தே மொண்டு ஊற்றினாள்.

கஸ்பார் வீம்புக்குத் தானே இறங்கிப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். முட்டிகளை மேலே நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள்ளிருந்து என்னவோ அவர் தொடையை உரசிக்கொண்டு போனது. அவர் போட்ட சத்தம் சர்ச் மணிக்கூண்டில் இருந்த புறாக்களைக் கிளப்பியது. தொட்டிக்குள் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு உயிருள்ள விலாங்கை விட்டிருந்தான். அது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்து யாருக்கும் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகும் கஸ்பார் விடவில்லை. தினமும் காலையில் தொட்டியை நிரப்பினார். வா என்று கூப்பிடவில்லை, சண்டை போடவில்லை. நிரப்பி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுவார். என்றைக்காவது ஒருநாள் அவளே இறங்குவாள் என்று ஒரு கணக்கு. சாயங்காலம் வந்து தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருக்கும்.

மூன்றாவது வாரம் அடைக்கலமேரி பேரப்பிள்ளையைப் பார்க்க எண்ணூருக்குப் போனாள். இரண்டு நாளில் வருகிறேன் என்றாள். ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் ஆனது. ராயப்பர் கோயில் திருவிழாவுக்கு வந்து, பூசை பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். பாத்ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கஸ்பாருக்கு ரோஷம் வந்துவிட்டது. கூட்டிவரவும் போகவில்லை. டீக்கடையில், குழாயடியில், கோயில் வாசலில், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான். "ஒரு பூவாளிக்காகப் புருஷன வுட்டுட்டுப் போன பொம்பளய எங்கனா பாத்துக்கிறியா? முப்பது வருஷம் கஞ்சி ஊத்துனவன் பெருசில்ல, மேலேர்ந்து வுழற தண்ணிதான் பெருசு." கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இப்படிப் பத்து மாதம் ஓடியது.

ஒருநாள் அடிபம்பில் கூட்டம். கஸ்பார் தன் பாட்டை எடுத்தார். "பூவாளிக்காகப் புருஷன..." என்று அவர் ஆரம்பிக்கும்போது செல்லம்மா குடத்தைக் கீழே போட்டாள். போட்ட வேகத்தில் குடம் நசுங்கியது.

"யோவ் கஸ்பாரண்ணே, நிறுத்து. இன்னொரு தபா அத்தச் சொன்ன, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"இன்னா தங்கச்சி, உனுக்கு இன்னா எரியுது?"

"அக்கா யார் கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சிலுவ மேல சத்தியம் வாங்கிக்கிச்சு. நான் அந்தச் சாமி கும்புடறவ இல்ல, இருந்தாலும் பத்து மாசம் வாயப் பொத்திக்கினு இருந்தேன். என் வாயி எப்டின்னு உனுக்குத் தெரியும்ல? இனிமே முடியாது."

அப்புறம் அவள் சொன்னாள். கத்தாமல் சொன்னாள், அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

அடைக்கலமேரி எண்ணூருக்குப் போவதற்கு முன்னால், கஸ்பார் பென்ஷன் விஷயமாகத் துறைமுக ஆபீசுக்குப் போயிருந்த ஒருநாள். அடைக்கலமேரி நிரம்பிய தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பாவம் மனுஷன், இந்த வயசில் நாற்பது குடம் சுமக்கிறானே என்று நினைத்திருக்கிறாள். பிணமோ அழுக்கோ, ஒரு தரம் இறங்கிவிட்டால் அவர் மனசு ஆறும் என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்கியிருக்கிறாள். இறங்குவதற்கு ஒரு கை போதுமாக இருந்தது. எழுந்திருக்கப் போதவில்லை. வழவழப்பான பூச்சு. வலது கையால் விளிம்பைப் பிடித்து உந்த முடியாது, இடது கை மட்டும் வழுக்குகிறது. காலை ஊன்றினால் அதுவும் வழுக்குகிறது. மூக்குவரை தண்ணீர் போனதும் பயந்துபோய் அடைப்பைக் காலாலேயே பிடுங்கிவிட்டிருக்கிறாள். தண்ணீர் இறங்கிப் போனது. அவள் மட்டும் வெறும் தொட்டியில் கிடந்தாள். சேலை எட்டாத தூரத்தில் கொடியில் தொங்கியது. தெருவில் ஆம்பிளைகள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் கூப்பிடவில்லை.

"ரெண்டு மணி நேரம்" என்றாள் செல்லம்மா. "மீன் கொழம்பு குடுக்கலாம்னு நான் வந்தேன். கதவத் தள்ளிப் பாத்தா, குளுருல வெடவெடன்னு நடுங்கிக்கினு, ஒரு கையால மார மூடிக்கினு கெடக்குது. தூக்கி வுட்டேன். தண்ணி எங்கன்னு நீ கேட்டா அடப்பு ஒழுகிப்போச்சுன்னு சொல்லிக்கறேன்னுச்சு. இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சுடும், ஆசயா வாங்குனாரு'ன்னுச்சு. நீ இன்னாடான்னா பூவாளின்ற."

கஸ்பார் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

தொட்டியில் தண்ணீர் இல்லை. வேட்டி சட்டையோடு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையை உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். இடது கையால் விளிம்பைப் பிடித்து எழுந்து பார்த்தார். வழுக்கியது. முதுகு தொட்டியில் மோதி மணி அடித்த மாதிரி சத்தம் வந்தது. மறுபடி பார்த்தார். மறுபடியும். மூன்று தரம். முப்பத்திநாலு வருஷம் வின்ச் இழுத்த கை அது. மூன்றாவது தரம் விழுந்தவர் எழப் பார்க்கவில்லை. முட்டிகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல், வாயைத் திறந்து அழுதார்.

மறுநாள் ரஷீது பாய் வந்தார். சுவரை மறுபடியும் இடித்துத் தொட்டியை வெளியே எடுத்து, மறுபடி கட்டினார்கள். அது காசிமேட்டில் ஒரு மீன் ஏலக்காரரிடம் போனது; இப்போது அதில் ஐஸும் வஞ்சிரமும் கிடக்கின்றன. கிருஷ்ணப்பன் வந்து சுவர்மேல் டிரம்மை ஏற்றிக் குழாயை இறக்கிப் பூவாளியை மாட்டினான். அரை நாள் வேலை. ஏணியிலிருந்து இறங்கி, "அன்னிக்கே சொன்னேன்ல அண்ணாத்தே" என்றான். கஸ்பார் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார்.

ஞாயிறு பூசை முடிந்து எண்ணூர் பஸ் ஏறினார். என்ன சொல்ல வேண்டும் என்று திருவொற்றியூர் வரை யோசித்தார். அங்கிருந்து எண்ணூர் வரை அதை மனப்பாடம் செய்தார். குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் அடைக்கலமேரி வெயிலில் உட்கார்ந்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். சீயக்காய் வாசனை வந்தது. முகம் தெளிவாக இருந்தது. பேரன் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வா, ஃப்ளோரன்ஸ் நைனா. சாப்ட்டியா?"

"ஆச்சு." மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. "ஷவர் போட்ருக்கேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

அவள் முடியில் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். "தொட்டி?"

"பாய் எடுத்துக்கினு போய்ட்டாரு."

"அடப்பாவமே. ஆசயா வாங்குன."

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்தாரோ என்னவோ, அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் தெரியும் என்று சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "எப்ப வர்ற?" என்று மட்டும் கேட்டார்.

"ஃப்ளோரன்ஸ் வேலைக்குப் போறா. இவன் என்கிட்டதான் தூங்கறான்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுக் கூட்டி வந்திருக்கலாம். கோபமே இல்லை. "கிறிஸ்மசுக்கு வரேன். போன வருஷம்னா வந்துருப்பேன். இப்ப இங்க வேரு வுட்டுப் போச்சு."

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். மூன்று நாள் இருந்தாள். கஸ்பார் ஏணியில் ஏறி டிரம்மில் தண்ணீர் ஊற்றினார். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே நின்ற கஸ்பார், தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கும்வரை நகரவில்லை. ஈரத்தலையோடு வந்தவள், "நல்லா வருது" என்றாள். நாலாவது நாள் பஸ் ஏறினாள்.

கஸ்பார் அந்த ஷவரில் குளிப்பதில்லை. கருங்கல்லைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு, குந்திக்கொண்டு, சொம்பில்தான் ஊற்றிக்கொள்கிறார். ஆனால் சுவர்மேல் இருக்கிற டிரம்மை என்றைக்கும் காலியாக விடுவதில்லை. தண்ணீரில் புழு வைத்துவிடும் என்று வாரத்துக்கு ஒருதரம் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்.

தெரு வாலிபர் மன்றத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் தெருவாசி ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏற்பாடு. இதை எழுதியவன் இதுவரை எழுதியதை கஸ்பாரிடமே படித்துக் காட்டினான். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் போடக் கூடாது என்பது மன்றத்தின் விதி. கஸ்பார் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

"செல்லம்மா பம்பாண்ட சொன்னத ஊரே கேட்டுச்சு. அது செரி. அப்பால நான் உள்ள போய்த் தாழ்ப்பா போட்டேன்னு நீயே எழுதிக்கிற. உள்ள நான் ஒண்டிதான் இருந்தேன். துண்டால கையக் கட்டுனது, பல்லால முடிச்ச இழுத்தது, அழுதது... இதெல்லாம் உனுக்கு எவன்டா சொன்னது?"

எழுதியவன் நோட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

"பாத்ரூமுக்கு மேல மூடலல்ல, அன்னிக்குப் பக்கத்துக் கூர மேல தடதடன்னு ஏதோ ஓடுச்சு. பூனைன்னு நெனச்சேன்." கஸ்பார் நோட்டை அவன் மடியில் போட்டார். "பாத்ததுதான் பாத்த, ஒழுங்காப் பாத்துருக்கக் கூடாதா? மூணு தபா இல்லடா. நாலு."